கேளுங்க, சொல்றேன்: ஒரு பவுன் எடையில் ஒரு குண்டு

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. போன இதழில், ஹூஸ்டனில் நான் இருந்த எட்டு வருஷமும் சனிக்கிழமையானால் மச்சான் வீட்டு கராஜில் உட்கார்ந்து தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், அதன் பலன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பித்தளைக் குப்பியில் கேப்பும் (பொறி தருவது) மருந்தும் போட்டு, வாயில் குண்டை அழுத்தித் தோட்டா ஆக்குகிற வேலை அது; அங்கே கடையில் சாமான் வாங்கி வீட்டில் செய்கிற பொழுதுபோக்கு. இங்கே ஆயுதச் சட்டம் 1959-இன்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும், வீட்டில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்பது அதற்குப் போதாது. எனவே கீழே வருவதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு.

கேள்வி: மகன் டெக்சாஸில் இருக்கிறான். போயிருந்தபோது பார்த்தேன், ஒரே 9 எம்.எம். துப்பாக்கிக்கு மூன்று வகைக் குண்டுப் பெட்டி வைத்திருக்கிறான், 115, 124, 147 என்று எழுதியிருக்கிறது. ஒன்று போதாதா? (கானாடுகாத்தான் வாசகர்)

அண்ணே, அந்த எண் குண்டின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவந்தால் சுலபம்: 124 கிரெயின் என்றால் 8 கிராம், அதாவது ஒரு பவுன். (இங்கிலாந்துப் பவுன் காசின் எடையே 123 கிரெயினும் சொச்சமும்தான். மச்சான் இதைக் கண்டுபிடித்த அன்று கராஜே அதிர்ந்தது, ஆச்சிக்கு போன் போட்டுச் சொன்னார்.) 115 ஒரு பவுனுக்கு அரை கிராம் கம்மி, 147 ஒன்றரை கிராம் கூட. லேசானது வேகமாகப் போகும். கனமானது மெதுவாகப் போகும், 147 பெரும்பாலும் ஒலியின் வேகத்துக்குள்ளேயே நிற்கும். எது நன்றாகச் சுடும் என்பதை அந்தத் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும், அதனால்தான் மூன்று பெட்டி. பையன் காசை வீணாக்கவில்லை.

ஆனால் எடையை விட முக்கியம் குறுக்களவு. 9 எம்.எம்.முக்கு அங்குலத்தில் 0.355. ரிவால்வர் தோட்டா ஒன்றுக்கு '38 ஸ்பெஷல்' என்று பெயர், ஆனால் குண்டு 0.38 இல்லை, செம்பு உறை போட்டது 0.357, வெறும் ஈயம் 0.358. '45 ஏ.சி.பி.' என்ற பிஸ்டல் தோட்டாவுக்கு 0.451, ஈயமென்றால் 0.452. ஈயத்துக்கு ஏன் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட? துப்பாக்கிக் குழாயின் சுவரோடு அது இறுக்கமாக ஒட்டிப்போக வேண்டும். சிறுத்துப்போனால் பின்னாலிருந்து வரும் சூடான வாயு ஓரத்தால் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழாய்க்குள் பூசிவிடும், அப்புறம் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும். மெல்லிய செம்பு முலாம் மட்டும் போட்ட குண்டு இரண்டுக்கும் நடுவில், விலையும் நடுவில். அதை ரொம்ப வேகமாக ஓட்டவும் கூடாது, குப்பியின் வாயால் ரொம்ப நெரிக்கவும் கூடாது.

கேள்வி: புதுவயலில் பிறந்து டாலஸில் இருக்கிறேன். 9 எம்.எம். நிரப்பக் கற்றுக்கொள்கிறேன். தட்டை மூக்குக் குண்டு, 124 கிரெயின், ஈயம். நிரப்பும் கணக்குப் புத்தகத்தில் 124-க்குப் போட்டிருந்த தோட்டாவின் மொத்த நீளத்தையே வைத்தேன். தோட்டா குழாயில் முழுசாக இறங்கவில்லை. சிலதில் ஈயம் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு நிற்கிறது. எங்கே தப்பு?

தம்பி, இரண்டு தப்பு. இரண்டும் நானும் செய்ததுதான்.

சுருள் வருவது குப்பியின் வாயால். குண்டை வைப்பதற்கு முன் வாயைக் கொஞ்சம் மலர்த்த வேண்டும், குண்டு தானாக நேராக நிற்கிற அளவுக்கு. நீங்கள் போதுமான அளவு மலர்த்தவில்லை, கூரான பித்தளை விளிம்பு தேங்காய்த் துருவி மாதிரி ஈயத்தைச் சீவுகிறது. அதற்காக எக்கச்சக்கமாக விரித்தால் பித்தளை சீக்கிரம் கிழிந்துபோகும். பிரெஸ்ஸில் குண்டை அழுத்துகிற தண்டின் முனையையும் பாருங்கள், அது உருண்டை மூக்குக்குக் குடைந்ததாக இருந்தால் தட்டை மூக்கின் மேல் சரியாக உட்காராது, குண்டு சாய்ந்து இறங்கும். தட்டை முனை வாங்கி மாட்டுங்கள்.

இனி நீளம். புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த நீளம் 124 கிரெயினுக்கு உரியது என்று நினைத்துவிட்டீர்கள், அது *அந்த* 124 கிரெயின் குண்டுக்கு உரியது. உருண்டை மூக்கு நுனிக்குப் போகப் போக மெலியும், தட்டை மூக்கு தோள் அகலமாகவே ரொம்ப தூரம் முன்னால் வரும். இரண்டையும் ஒரே நீளத்தில் உட்காரவைத்தால் தட்டை மூக்கின் தோள் குழாய்க்குள் குண்டைச் சுழற்ற வெட்டியிருக்கும் வரிகளில் போய் முட்டும். உங்களுக்கு நடந்தது அதுதான். 1.169 அங்குலம் என்பது 9 எம்.எம். தோட்டாவுக்கு உச்ச நீளம். அதற்கு உள்ளே இருந்தால் போதும் என்றில்லை, உங்கள் குழாய் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது இப்படி. துப்பாக்கியில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தும் கேப்பும் இல்லாத ஒரு குப்பியில் குண்டை மட்டும் உட்காரவைத்து உள்ளே போடுங்கள். 'டொப்'பென்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், குழாயைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் தண்டைக் கொஞ்சம் திருகி இறக்கி மறுபடி பாருங்கள். வெர்னியர் அளவுகோல் இல்லாமல் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது.

"சரி, அப்போ நல்லா உள்ளே தள்ளிட்டாப் போச்சு" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. குப்பி 19.15 மில்லிமீட்டர், குண்டு 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் 29.2 என்றால் குண்டின் அடி குப்பிக்குள் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மொத்த நீளத்தை 28.2 ஆக்கினால் 6. வெளியே பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்தான், உள்ளே மருந்து எரிகிற இடத்தில் அது பெரிய பங்கு. அதே மருந்து, குறுகிய அறை, அழுத்தம் எகிறும். 38 ஸ்பெஷல் 1898-இல் கரிமருந்து காலத்தில் வந்தது, அதன் குப்பி நீளமானது, இன்றைய மருந்து அதில் பாதிக்குக்கூட வராது, கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 9 எம்.எம். சின்னக் குப்பி, உச்ச அழுத்தமும் 38-ஐப் போல் இரண்டு மடங்கு. அதனால் நீளத்தைக் குறைத்தால் மருந்தையும் புத்தகத்தில் உள்ள ஆரம்ப அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் அங்கிருந்து ஏறணும், பழைய அளவையே போடக்கூடாது. முடிந்தால் அதே குண்டைத் தயாரிப்பவர் தரும் கணக்கையே பாருங்கள்.

செய்து முடித்த தோட்டாவிலும் ஒரு சோதனை பாக்கி. நீளத்தை அளந்துகொண்டு, குண்டின் மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள், மறுபடி அளந்துபாருங்கள். குறைந்திருந்தால் குப்பி குண்டைப் பிடிக்கவில்லை, துப்பாக்கிக்குள் ஏறும்போதே அது உள்ளே நழுவும். அதைச் சுடாதீர்கள். பலரும் இதற்கு வாயை இன்னும் நெரித்துப் பார்க்கிறார்கள், அது உதவாது. பிடி வருவது குப்பியின் கழுத்து இறுக்கத்தில். 9 எம்.எம். தோட்டா குழாயில் நிற்பதே குப்பியின் வாய் விளிம்பில், அதனால் மலர்த்தியதை நேராக்குகிற அளவு கிரிம்ப் (வாயை நெரிப்பது) போதும், வாயின் வெளிக் குறுக்களவு 0.380 அங்குலத்துக்கு மேல் போகாமல்.

ரிவால்வருக்குக் கதை வேறே. அங்கே வாய் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்துவிட வேண்டும். ஒருநாள் மச்சானின் லேசான .357 ரிவால்வரில் நான் சோம்பலாகக் கிரிம்ப் போட்ட தோட்டாக்களைப் போட்டோம். நாலு சுட்டதற்குள் உதறலில் ஐந்தாவது குண்டு குப்பியிலிருந்து முன்னால் நகர்ந்து வெளியே எட்டிப்பார்த்தது, உருளை சுற்றவில்லை. அரை மணி நேரம் கெஞ்சி எடுத்தோம், மச்சான் மறுநாள் வரை என்னோடு பேசவில்லை.

கேள்வி: பேராண்டி அங்கே ஈயத்தை வைத்து என்னமோ செய்கிறானாம். உடம்புக்கு ஆகுமா? (தேவகோட்டை ஆச்சி)

ஆச்சி, ஈயம் ஆகாதுதான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க, அந்த மேஜையில் காபி, முறுக்கு எதுவும் கூடாது, குழந்தையை அந்தப் பக்கமே விடக்கூடாது. உருக்குகிறானென்றால் நல்ல காற்றோட்டம் வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. ஈயம் பூசின பாத்திரத்தில் ரசம் வைக்கிறோமே என்று கேட்பீங்க, அது வெள்ளீயம், வேறே உலோகம்.

கேள்வி: ஐயா காலத்து ரங்கூன் பெட்டியில் இடுக்கி மாதிரி ஒரு இரும்புச் சாமான். மூடினால் நடுவில் உருண்டைக் குழி. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் "பாக்குவெட்டி வகை" என்கிறார். (காரைக்குடி வாசகர்)

படத்தைப் பார்த்தேன். பாக்குவெட்டி இல்லை, ஈயக்குண்டு வார்க்கிற அச்சு. மேலே இருக்கிற சின்ன ஓட்டை ஈயம் ஊற்றுவதற்கு. உருண்டைக் குழி என்பதால் வாய்வழியே மருந்து இடிக்கிற பழைய துப்பாக்கிக்கானது, தோட்டாவுக்கு ஆகாது. கடைக்காரரிடம் விற்பதற்கு முன் ஒன்று: சட்டத்தில் 'தோட்டா' என்பதன் விளக்கத்துக்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கிற கருவிகளில் மத்திய அரசு அறிவித்தவையும்கூட வருகின்றன. சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கிற பிரிவில் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் போகாதீர்கள், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் வேலையில் யாருக்கும் உங்கள் இடுக்கியைப் பார்க்க நேரமிருக்காது. அதுவரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஆச்சியின் இருப்புச்சட்டியில் ஈயம் காய்ச்ச வேண்டாம்.