திராட்சைச் சாறு ஏன் நுரைக்கவில்லை?

கடையில் வாங்கிய திராட்சைச் சாற்றில் ஒயின் செய்ய ஈஸ்ட் சேர்த்து மூன்று நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்டைக் குறை சொல்லும் முன் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 202 (பொட்டாசியம் சார்பேட்) அல்லது 211 (சோடியம் பென்சோயேட்) என்ற எண் இருந்தால் காரணம் அதுதான். ஈஸ்ட் பெருகிவிடக் கூடாது என்பதற்காகவே சேர்க்கப்படும் பதப்படுத்திகள் அவை. அந்தச் சாற்றைக் குடித்துத் தீர்த்துவிடுங்கள், ஒயினுக்கு ஆகாது. இவை சேர்க்காமல் சூடாக்கி மட்டும் பதப்படுத்திய சாறு என்றால் தடையில்லை.

அதே லேபிளில் சர்க்கரை அளவும் இருக்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறும். 100 மில்லியில் 16 கிராம் இருந்தால் 9 சதவீதத்தைச் சற்றே தாண்டும். லிட்டருக்கு 40 கிராம் கூடுதலாகக் கரைத்தால் 12 சதவீதத்தை நெருங்கலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஜாடியில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கவே இறுக்காதீர்கள்! உள்ளே சேரும் கரியமில வாயு கண்ணாடியை வெடிக்கச் செய்யும். வாயு வெளியேறவும் காற்று நுழையாமலிருக்கவும் நீர்ப்பூட்டு (மூடியில் செருகும், நீர் நிரப்பிய சிறு குழாய்) பொருத்துங்கள். காற்றுப் பட்டால் ஒயின் வினிகராகிவிடும். நுரை அடங்கியதும் அடியில் படியும் வெளிர் வண்டலைக் கலக்காமல், தெளிந்ததைக் குழாய் வழியே வேறு ஜாடிக்கு மாற்றுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவரென்றால் முதலில் இதைக் கவனியுங்கள்: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்.