சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு: விமானப் பராமரிப்பு படிக்க நினைப்பவர்களின் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து ஊர்க்காரர்கள், பழைய பள்ளித் தோழர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று கேள்விகளை அனுப்பச் சொன்னேன். நான் விமானத்தின் மெக்கானிக்கல் பக்கத்துக்கான பி1.1 லைசென்ஸ் வைத்திருக்கும் விமானப் பராமரிப்புப் பொறியாளன். பதினெட்டு வருடமாக ஹாங்கரிலும் (விமானத்தைப் பழுதுபார்க்கும் கூடம்) ராம்பிலும்தான் (விமானங்கள் நிற்கும் இடம்) வேலை.

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை: பையன் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படிக்கணும் என்கிறான். மூன்று வருடத்தில் டிகிரியும் லைசென்ஸும் சேர்ந்தே கிடைக்கும் என்று ஒரு கல்லூரியில் சொன்னார்கள். நம்பலாமா?

அண்ணா, லைசென்ஸை எந்தக் கல்லூரியும் தர முடியாது. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ மட்டும்தான் தரும். கல்லூரி கொடுப்பது படிப்பு முடித்த சான்றிதழ். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற இடத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

வழி இப்படிப் போகும். சிஏஆர் 147 விதியின் கீழ் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பையன் சேர வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். பி1.1 என்றால் டர்பைன் என்ஜின் விமானங்களின் மெக்கானிக்கல் பக்கம், பி2 என்றால் ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்சார, எலக்ட்ரானிக் கருவிகள். இரண்டுக்கும் பயிற்சி 2,400 மணி நேரம். கல்லூரித் தேர்வு ஒரு பக்கம் இருக்க, டிஜிசிஏ நடத்தும் மாட்யூல் (பாடப்பகுதி) தேர்வுகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். கணிதம், இயற்பியலில் தொடங்கி, விமானச் சட்டம், கேஸ் டர்பைன் என்ஜின், புரொப்பெல்லர் வரை போகும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வாங்கினால்தான் பாஸ். 74 வாங்கினாலும் திரும்ப எழுத வேண்டியதுதான். அதன் பிறகு, அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில் ஓடுகிற விமானங்களில் 2 வருட அனுபவம் வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும் லாக்புக்கில் ஏற வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த அடிப்படை லைசென்ஸ் கையில் இருந்தாலும் பயணிகள் விமானத்தை 'பறக்கத் தயார்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது. அதற்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த விமான ரகத்துக்கென்றே வாங்கும் தகுதி வேண்டும். ஏ320-க்கு வாங்கியதை வைத்துப் போயிங் 737-இல் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பயிற்சியைச் சொந்தப் பணத்தில் படித்தால் பல லட்சம் ஆகும். நிறுவனமே படிக்க வைத்தால் பெரும்பாலும் இத்தனை வருடம் அங்கேயே வேலை செய்வேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். ஆக, பிளஸ் டூ முடித்து ஐந்தாறு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள். மூன்று வருடத்தில் கடனைத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்ட குடும்பங்கள்தான் நடுவில் தவிக்கின்றன.

நான் படித்த காலத்தில் என் அறைத்தோழன் ஒருவன் ஏவியானிக்ஸ் சேர்ந்திருந்தான். அவன் சேர்ந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தது உண்மை. ஆனால் அது மெக்கானிக்கல் பிரிவுக்கு மட்டும். ஏவியானிக்ஸுக்கு 'சீக்கிரம் வந்துவிடும்' என்று சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். கடைசிவரை வரவில்லை. இரண்டு வருடத்தையும் அவனுடைய அப்பா விற்ற ஒரு ஏக்கர் நிலத்தையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் பையன் சேரும் பிரிவு இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு அனுமதி, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "போன பேட்சில் எல்லா மாட்யூலும் முடித்தவர்கள் எத்தனை பேர்?" கட்டடத்தையும் யூனிஃபார்மையும் காட்டிப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதுரை மாணவி: ஏரோநாட்டிக்கல் பி.இ. படித்தால் ஏஎம்இ வேலைக்குப் போகலாமா?

தங்கை, இரண்டும் வேறு வேறு பாதை. பி.இ. ஏரோநாட்டிக்கல் விமானத்தை வடிவமைக்கக் கற்றுத்தரும் படிப்பு: இறக்கையில் காற்று எப்படி ஓடுகிறது, உலோகம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதெல்லாம். 1949-இல் தொடங்கிய குரோம்பேட்டை எம்ஐடி இதற்குப் பேர்போனது. அப்துல் கலாம் படித்தது அங்கேதான். அந்தப் பட்டத்தோடு ஆராய்ச்சிக்கும், இஸ்ரோ, விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் போன்ற இடங்களுக்கும் முயலலாம். ஆனால் அதை மட்டும் வைத்து விமானத்தின் லாக்புக்கில் கையெழுத்துப் போட முடியாது. கணக்குப் போடுவதில் மனம் நிற்குமா, ஸ்பேனர் பிடிப்பதில் நிற்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சென்னை, இரண்டாம் ஆண்டு ஏஎம்இ மாணவர்: மாட்யூல் 9, ஹியூமன் ஃபேக்டர்ஸ் (வேலையில் மனிதத் தவறுகள் ஏன் நடக்கின்றன என்ற பாடம்). எல்லோரும் பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்துதான் பாஸ் ஆகிறார்கள். நானும் அப்படியே செய்யலாமா அண்ணா?

தம்பி, வேண்டாம். நான் படித்த மாட்யூல்களில் இன்றைக்கும் தினம் என்னோடு ஹாங்கருக்கு வருவது அது ஒன்றுதான்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பியது. 17,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. கேபின் ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாற்றியவர் புதியவர் இல்லை, அனுபவம் மிக்க ஷிஃப்ட் மேனேஜர். ஆள் குறைவான இரவு என்பதால் தானே செய்தார். பாகங்களின் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவாக எடுத்தார். இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வேலைக்கு அப்போது இல்லை.

அவர் சோம்பேறி இல்லை. காலையில் விமானம் கிளம்ப வேண்டுமே என்று நினைத்த நல்ல வேலைக்காரர். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் எரியும்போது, 'இதே போல்ட்தானே' என்று மனது சொல்லும்போது, மேனுவலைத் திறக்கிற பழக்கம் கையில் இருக்க வேண்டும். கேள்வித்தாளை மனப்பாடம் செய்தவனுக்கு அந்தப் பழக்கம் வராது. மாட்யூல் 9-ஐப் படிக்கும்போது ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையையும் தேடிப் படி. "அந்த ராத்திரி நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்" என்று உன்னையே கேட்டுக்கொள்.

ராமநாதபுரம் மாணவர்: பிளஸ் டூ வரை தமிழ் வழி. தேர்வும் மேனுவலும் ஆங்கிலம் என்கிறார்கள். என்னால் முடியுமா சார்?

முடியும். நானும் தமிழ் வழிதான். முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நல்ல செய்தி: விமான மேனுவல்கள் நாவல் எழுதும் ஆங்கிலத்தில் இருக்காது. 'எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' என்றே ஒரு தரநிலை இருக்கிறது, 1980-களில் ஐரோப்பாவில் உருவானது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மெக்கானிக்கும் தப்பில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்தது. பொதுச் சொற்கள் சுமார் 900தான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான், விதியைக் கடைப்பிடிப்பதற்கு 'ஒபே' என்று வேறு சொல். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. தினம் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள், பாகங்களின் பெயரை நோட்டில் எழுதுங்கள். மேனுவல் ஆங்கிலம் சீக்கிரம் பிடிபடும். பேச்சு ஆங்கிலத்துக்குத்தான் நாள் ஆகும், அதை வேலையில் சேர்ந்த பிறகும் வளர்க்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு ஏவியானிக்ஸ் ஆசை. ராத்திரி வேலை, ஆம்பளைங்க நிறைய இருக்கிற இடம்னு அவங்க அப்பா தயங்குறார்.

அம்மா, இரவு வேலை உண்டு. விமானம் பகலில் பறக்கும், ராத்திரிதான் நம் கைக்கு வரும். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. உடல் பலம் பெரிய விஷயம் இல்லை. கனமான பாகத்தைத் தூக்கக் கருவிகள் இருக்கின்றன. ஏவியானிக்ஸில் வேண்டியது பொறுமையும் நுணுக்கமான கையும். என்னோடு வேலை செய்யும் பெண்கள் வயரிங் கோளாறைத் தேடிப் பிடிக்கிற நிதானத்தைப் பார்த்து நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பா கேட்க வேண்டியது வேறு: பயிற்சிக்கு அனுப்பும் இடத்தில் பெண்களுக்கு உடை மாற்றும் அறை, கழிப்பறை, இரவு டியூட்டிக்கு வண்டி இருக்கிறதா? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்தாவது முடித்த பையனின் அண்ணன், பெரம்பலூர்: லட்சக்கணக்கில் கட்ட வழியில்லை. ஐடிஐ போட்டால் போதுமா?

தாராளமாக. அரசு ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் 2 வருடம், வெல்டர் 1 வருடம். செலவு மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி இயந்திரம், ரோபோ போன்ற புதிய கருவிகளை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், உதவித்தொகையும் உண்டு. 2 வருட டிரேடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். கதவு எங்கேயும் மூடவில்லை.

பையனுக்கு வெல்டிங்கில் கை நன்றாக வந்தால் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் பற்றவைக்கும் 6ஜி தேர்வில் தேறியவரை நிறுவனங்கள் தேடி வருகின்றன.

கோவை, வயது 29: ஐடிஐ ஃபிட்டர், எட்டு வருடமாக மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை. விமானத் துறைக்கு வர முடியுமா?

ஐடிஐயை மட்டும் வைத்து ஏஎம்இ சேர முடியாது. பிளஸ் டூ அறிவியல் அல்லது 3 வருட டிப்ளமோ வேண்டும். 29-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விமானத்துக்குப் பாகம் செய்யும் தொழில் உங்கள் ஊருக்கே வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. சென்னை, ஓசூர், சேலம், திருச்சி மற்றவை. சிஎன்சி கற்று, டிராயிங்கில் உள்ள டாலரன்ஸ் குறிகளை (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பவை) படிக்கவும், பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் கருவியில் அளக்கவும் தெரிந்துகொண்டால் உங்கள் எட்டு வருடக் கைப்பழக்கத்துக்கு மரியாதை கிடைக்கும்.

பலரும் கேட்டது: பைலட்?

பணம் கட்டும் முன் டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனை, முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. அதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் வீண். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், செலவு அரைக் கோடிக்குக் குறையாது. இதற்காக இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

சேலம்: 'ஏர்போர்ட் மேனேஜ்மென்ட்' டிப்ளமோ, ஏர்ஹோஸ்டஸ் கோர்ஸ்?

கேபின் ஊழியர்களை விமான நிறுவனங்கள் நேரடியாகத் தேர்வுசெய்து தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அந்த டிப்ளமோ இருந்தால்தான் எடுப்போம் என்று விதி இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டிகிரியும் ஆங்கிலப் பயிற்சியும் முடித்துவிடலாம்.

தஞ்சாவூர் விவசாயி: மருந்து அடிக்க டிரோன் ஓட்டக் கற்கலாமா?

கற்கலாம் ஐயா. 10-ஆம் வகுப்பு பாஸ், வயது 18 முதல் 65. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சில நாள் வகுப்பு. ரிமோட் பைலட் சான்றிதழ் 10 வருடம் செல்லும். பயிற்சி மையத்தின் அங்கீகாரத்தை இதற்கும் சரிபாருங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: ஏஎல் (இலங்கையின் உயர்தரப் பரீட்சை) முடித்தேன். இந்தியா வந்து ஏஎம்இ படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் இந்திய லைசென்ஸ் இலங்கையில் தானாகச் செல்லாது. அங்கே லைசென்ஸ் தருவது இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர் அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை-ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளில் என்விகியூ என்ற இலங்கைத் தேசியத் தொழில் தகுதிச் சான்றிதழோடு படிக்கலாம். வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

நாமக்கல், பெயர் வேண்டாம் என்றவர்: மகனைச் சேர்த்து ஒரு வருடம் ஆச்சு. முழுக் கட்டணமும் கட்டிட்டோம். உங்கள் பதில்களைப் படித்ததும் பயமா இருக்கு. இப்ப என்ன பண்றது?

பதறாதீர்கள் அண்ணா, ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டது நல்லது. மகனிடம் இன்று ராத்திரி மூன்று விஷயம் கேளுங்கள். டிஜிசிஏ தேர்வுக்கான கம்ப்யூட்டர் நம்பர் (பதிவு எண்) அவன் பெயரில் வாங்கியாயிற்றா? இதுவரை எந்த மாட்யூல் எழுதினான்? பயிற்சி விமானத்தில் அவனே கை வைத்து என்ன வேலை செய்தான், அது லாக்புக்கில் ஏறியிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். இல்லையென்றால், மகனைத் திட்டாமல், திங்கட்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு நிறுவனத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் சரியாக இருந்து மாட்யூல் மட்டும் எழுதாமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்த தேர்வுக்குக் கணிதத்தையும் இயற்பியலையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் என் பழைய நோட்டுகள் இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.