சருகு நெருப்பு

கடிதம்:

அன்புள்ள ஐயா,

மலைப் பழங்குடிகளான சோலிகர்கள் ஆண்டுதோறும் காட்டில் சிறு தீ வைத்து வந்ததைப் பரிவோடு எழுதியிருந்தீர்கள். 2019 பிப்ரவரி கடைசியில் ஊட்டியிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் வந்தேன். வழியில் பந்திப்பூர்க் காட்டில் பார்த்த இடமெல்லாம் கரி. தீ வைப்பவர்களுக்கு நீங்கள் பரிந்து பேசலாமா?

ஒரு வாசகர், அல்சூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வாரத்தை நானும் மறக்கவில்லை. 23ஆம் தேதி எலகங்கா விமானக் கண்காட்சியின் வாகன நிறுத்தத்தில் தீப்பிடித்து ஏறக்குறைய 300 கார்கள் எரிந்தன. ஹெப்பாளில் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே கரும்புகை தெரிந்தது. இரண்டு நாள் கழித்து பந்திப்பூர் மேல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டின. காய்ந்து கிடக்கும் காட்டில் தீ வைப்பவனுக்காக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

சோலிகர் தீ வேறு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள், சருகு நெருப்பு. வேனில் முற்றுவதற்கு முன்பே வைப்பது. சருகைத் தின்றபடி தரையோடு நகர்ந்து அடங்கிவிடும். நெல்லி மரங்களில் புல்லுருவி மண்டாமல் காத்தது அந்தத் தீதான் என்கிறார்கள் சோலிகப் பெரியவர்கள். 1974இல் அங்கே சரணாலயம் வந்தது; நாளடைவில் அந்த வழக்கமும் நின்றது.

தீயே கூடாது என்ற எண்ணம் அதைவிடப் பழையது. 1860களிலேயே வெள்ளையர் வனத்துறை மரத்துக்காகத் தீத்தடையைத் தொடங்கிவிட்டது. பிற்பாடு பர்மாவில் தேக்கங்கன்று முளைக்காமல் போவதைக் கண்டு அவர்களே அங்கே அதைத் தளர்த்தினார்கள். மலைவாசி தீ வைத்தால் மட்டும் அது குற்றமாகவே இருந்தது.

சருகு நெருப்பு நின்றுபோன பிலிகிரிரங்கன் மலையில் ஒரு உண்ணிச்செடி (லாண்டானா) புதரை விலக்கிப் பார்த்தேன். வெளியே பச்சை இலை, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூ. உள்ளே விரல் தடிமனில் உலர்ந்த குச்சிகள் ஆளுயரத்துக்கும் மேலே பின்னிப் பின்னி மரக்கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கீழே கணுக்கால் புதையும் சருகு. ஒரு பொறி விழுந்தால் தீ அந்தக் குச்சிகளைப் பிடித்து மர உச்சிக்கு ஏறிவிடும்.

அதனால்தான் நாளைக்கே பழையபடி கொளுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் புதருக்குள் வைத்தால் சருகு நெருப்பும் காட்டுத்தீயாகிவிடும். முதலில் உண்ணியை வேரோடு எடுக்க வேண்டும். மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் அதன் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலி செய்கிறார்கள். அந்த வேலை இன்னும் பல மலைகளுக்குப் போகவேண்டும். தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீ அணைக்கவும் அவர்களைக் கூலிக்கு எடுப்பதோடு வனத்துறை நிறுத்திவிடக் கூடாது. எந்தச் சரிவு எப்போது காயும் என்று அறிந்தவர்கள் அவர்கள். எங்கே, எந்த வாரத்தில் என்று முடிவு செய்யும் கூட்டத்திலும் அவர்களுக்கு இடம் கொடுக்கவேண்டும்.

அன்புடன்.