டப்பாவில் போட்ட பிரிண்ட் நகத்தோடு உரிந்து வருகிறதா?

வணக்கம். சுன்னாகத்தில் பனங்கட்டி அடைக்கும் பொலிபுரொப்பிலீன் டப்பாக்களுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறீர்கள், நன்றாகக் காய்ந்த பிறகும் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது, மூன்று மை மாற்றியும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். இனியும் மையில் காசைக் கொட்டாதீர்கள். பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது மையைப் பரவவிட்டுப் பிடித்துக்கொள்ளும் தன்மை, கிட்டத்தட்ட 30 டைன்தான் (டைன் அதை அளக்கும் அலகு, சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று). மை பிடிக்க 38க்கு மேல் வேண்டும்.

அதைக் கூட்டத்தான் பிளாஸ்மா. மின்னூட்டப்பட்ட வாயு பட்டதும் மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்த தொகுதிகள் உருவாகி மை ஒட்ட இடம் கிடைக்கிறது. சில நானோமீற்றர் ஆழத்துக்கு மேல் போகாது, டப்பாவின் பலம் குறையாது. பொலித்தீன் றோலுக்கு வைக்கும் கொரோனா இயந்திரமும் இந்த வகைதான், ஆனால் உருண்டை டப்பாவுக்கு அது தோதுப்படாது. பிளாஸ்மாவைக் குழாய்முனையால் பீச்சும் பிளாஸ்மா ஜெட் சரிவரும், விலைதான் கடிக்கும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது, மேற்பரப்பில் இதே மாற்றத்தை நெருப்பால் செய்யும் சுவாலை முறை. முதலில் டப்பாவை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். அந்தப் போத்தலை நெருப்புக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். பிறகு காஸ் பர்னரின் நீலச் சுவாலை நுனியில் டப்பாவைச் சுழற்றி, ஒரு விநாடிக்குள் எடுத்துவிடுங்கள். மஞ்சள் சுவாலை என்றால் கரி படியும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் சரி. மேற்பரப்பில் கோடு போட்டு டைன் அளவைப் பார்க்கும் டைன் பேனா கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்த இடத்தில் கை வைக்காமல் அன்றைக்கே பிரிண்ட் போடுங்கள். எங்கள் வெக்கைக்கு அந்தப் பிடிப்பு கெதியில் குறைந்துவிடும்.