இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் அழகுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். நான் செய்துகொண்டேன். ஆனால் முதலில் போன மருத்துவமனையில் இல்லை, இரண்டாவதாகப் போன இடத்தில். அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பது வயதில் வெந்நீர்ப் பானை சரிந்து என் கழுத்தின் வலப்பக்கம் வெந்துவிட்டது. கழுத்து நன்றாகத் திரும்பும், வலியும் கிடையாது, தழும்பு மட்டும்தான். குளிர் ஊர் என்பதால் மஃப்ளர் சுற்றிக்கொண்டே காலம் போனது. 43 வயதில் ஹார்ட் பிளாக், அதாவது இதயத்துக்குள் ஓடும் மின் சமிக்ஞை தடைபடுவது, வந்து இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இடது காரை எலும்புக்குக் கீழே, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்துத் தழும்பைச் சரிசெய்யப் போகிறேன் என்றதும் நாத்தனார், "நெஞ்சுல மெஷினை வச்சுக்கிட்டு இப்போ அழகு கேக்குதா அண்ணி?" என்றாள். பயத்தில் கேட்டாள், தப்பில்லை. ஆனால் 37 வருடம் கழுத்தை மூடிக்கொண்டு கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் நான். உயிருக்கு அவசியமில்லை என்பதால் அந்த ஆசை தப்பாகிவிடாது.

கோயம்புத்தூரில் முதலில் பார்த்த இடத்தில் தழும்பைப் பார்த்தார்கள், செலவைச் சொன்னார்கள், தேதியும் கொடுத்தார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறது என்றேன். "அது ஒண்ணும் இல்லம்மா, மேல ஒரு காந்தம் வச்சுக்கலாம்" என்றார்கள். எந்தக் கம்பெனிக் கருவி, கடைசியாக எப்போது செக்கப் செய்தது, கருவி இல்லாமல் இதயம் தானாகத் துடிக்குமா என்று ஒரு கேள்வி இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டர்தான் விளக்கினார். ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் காட்டரியில் மின்சாரம் ஓடுகிறது. சாதாரண மோனோபோலார் காட்டரியில் அது முனையிலிருந்து கிளம்பி, உடம்பு வழியாக, தோலில் ஒட்டிய பேடுக்குப் போய்ச் சேரும். அந்த மின் சமிக்ஞையை இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டு, தான் கொடுக்க வேண்டிய துடிப்பை நிறுத்திவிடலாம். என்னைப் போல முழுக்கக் கருவியை நம்பி இருப்பவர்களுக்கு அது ஆபத்து. தொப்புளுக்கு மேலே செய்யும் எந்த அறுவையிலும் இந்தக் கவலை அதிகம். முகம், கழுத்து, மார்பு என்று அழகுக்காகச் செய்பவற்றில் பெரும்பாலானவை அங்கேதான் வருகின்றன.

அதனால் இதய டாக்டரிடம் 'அறுவைக்குத் தகுதி' என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால் போதாது. கருவியின் விவரம், பேட்டரி நிலை, நான் எவ்வளவு அதைச் சார்ந்திருக்கிறேன், அறுவையின்போது எப்படி மாற்றி வைக்க வேண்டும், எல்லாம் கடிதத்தில் வேண்டும் என்று கேட்டார். பேஸ்மேக்கர் என்றால் கடந்த 12 மாதத்துக்குள்ளும், ஐசிடி (துடிப்பு ஆபத்தாக மாறினால் ஷாக் கொடுக்கும் கருவி) என்றால் 6 மாதத்துக்குள்ளும் சோதித்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, அதையும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதியை நான் பிப்ரவரிக்குத் தள்ளினேன். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அவசரத்துக்குக் கீழே இறங்க முடியாது. 2009 நவம்பரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தையல் பிரிக்கும்வரை கோயம்புத்தூரில் அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

அறுவை அன்று கருவியின் டெக்னீஷியன் வந்து, வெளிச் சமிக்ஞை எதையும் கவனிக்காமல் ஒரே சீராகத் துடிக்கும்படி மாற்றி வைத்தார். இடுக்கியின் இரு முனைகளுக்கு நடுவே மட்டும் மின்சாரம் ஓடும் பைபோலார் காட்டரியைப் பயன்படுத்தினார்கள். ஒருவேளை மோனோபோலார் தேவைப்பட்டால் சில விநாடி மட்டும்தான் என்று சொல்லி, பேடை வலது தோளில் ஒட்டினார்கள். மின்சாரம் இடப்பக்கக் கருவியைக் கடக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. காட்டரி ஓடும்போது ஈசிஜி கோடு குழம்பிவிடும், அதனால் நாடியைப் பார்க்க விரலில் ஆக்ஸிமீட்டர். முடிந்ததும், வார்டுக்கு மாற்றுவதற்கு முன்பே, கருவியைப் பழையபடி மாற்றினார்கள். இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தழும்பு முழுக்க மறையவில்லை, மெல்லிய கோடாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

இன்னொன்று. பார்லரில் லேசான மின்சாரம் செலுத்திச் செய்யும் கால்வானிக் ஃபேஷியல், தோலை இறுக்கும் ரேடியோ அலைச் சிகிச்சை இரண்டும் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்குக் கூடாது. கத்தி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேள்வியில் 'கருவி' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது பேஸ்மேக்கரா, ஷாக் கொடுக்கும் ஐசிடியா என்று உங்களிடம் கொடுத்த அட்டையில் பாருங்கள். காந்தம் வைத்தால் பேஸ்மேக்கர் பொதுவாக ஒரே சீரான துடிப்புக்கு மாறும். ஐசிடியில் ஷாக் மட்டும்தான் நிற்கும், துடிப்பு கொடுக்கும் முறை மாறாது. "காந்தம் வச்சுக்கலாம்" என்று உங்களிடமும் யாராவது சொன்னால், எந்தக் கருவிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.