ஒரு சமூகத்தால் நினைவு வைத்திருக்க முடியுமா?

நினைவு தனி மனிதர் மூளையில்தானே இருக்கிறது, சமூகம் எப்படி நினைவு வைத்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூளை தனித்தனிதான், சரி. ஆனால் எதை நினைக்கிறோம், எப்படிக் கோத்துச் சொல்கிறோம் என்பதில் சுற்றியிருப்பவர்களின் பங்கு பெரியது. பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925-இல் இதைத்தான் எழுதினார்: குடும்பம், மதம், வர்க்கம் ஆகியவை நினைவுக்குச் சட்டகம். உங்கள் மூன்று வயது நினைவு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் கண்டது எது, அம்மா சொல்லிச் சொல்லிப் பதிந்தது எது என்று பிரிப்பது கடினம்.

வாய்வழி நினைவு 80 முதல் 100 ஆண்டுகள், அதாவது மூன்று நான்கு தலைமுறை தாங்கும் என்பது ஜெர்மன் பண்பாட்டு ஆய்வாளர் யான் அஸ்மானின் கணக்கு. அப்புறம் நினைவுச்சின்னம், பாடப்புத்தகம், நினைவுநாள் எல்லாம் தேவைப்படும். அவற்றை அமைப்பது பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர்கள். தோற்றவர்களின் நினைவுதான் முதலில் உதிர்கிறது. எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பேச்சை இப்போதே பதிவு செய்துவையுங்கள்.