பதில்: பெதுயின் மேய்ப்பர்களுக்காக எப்படி ஜெபிப்பது?

சிஸ்டர், பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் அரபு மக்களான பெதுயின்களுக்காக ஜெபிக்கும்போது, "பெதுயின்களை ஆசீர்வதியும்" என்பதற்கு மேல் உங்கள் குழுவுக்கு ஜெபம் ஓடவில்லை என்கிறீர்கள். ஜெபக் குறிப்பு பொதுவாக இருந்தால் பத்தாவது நிமிடம் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். யோர்தான் நாட்டின் பாதியா பாலைவனத்தை மட்டும் எடுங்கள். அங்கே ஆண்டு மழை 200 மி.மீ.க்கும் குறைவு, நவம்பர் முதல் மார்ச் வரை பொய்த்தால் புல் இல்லை, பார்லி தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கி, கடைசியில் ஆட்டையே விற்க வேண்டும். ஆகவே குளிர்காலத்தில் மழைக்கும் குட்டிகளுக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்கும் ஜெபியுங்கள். வசனத்துக்கு ஆதியாகமம் 16, வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதன் ஆகாரைக் கண்ட துரவு.

அரபி வேதாகமம் அச்சடித்து அனுப்பும் யோசனை வேண்டாம். பரவலாகப் புழங்கும் அரபி வேதாகமமான, 1865இல் முடிந்த வான் டைக் மொழிபெயர்ப்பு ஏட்டு அரபி. கூடாரப் பேச்சு வேறு, மூத்தவர்கள் பலருக்கு வாசிப்பும் வராது. வட்டார வழக்கில் சொன்ன கதை ஒலிப்பதிவு, மெமரி கார்டில், போதும்.

நேரில் போகிறவர் குடும்பத் தலைவரிடம் முதலில் உட்காரட்டும். காப்பிக் கிண்ணத்தை வலக்கையில் வாங்க வேண்டும். போதுமென்றால் லேசாக ஆட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

இயேசுவை விசுவாசித்த பெதுயின் ஒருவரின் பெயரோ படமோ வாட்ஸ்அப்பில் வரவே கூடாது. ஒரு ஃபார்வர்ட் போதும், குலமே அவரை ஒதுக்கிவிடக்கூடும்.